இரண்டு சர்வர், ஒரே மேக் முகவரி: ராணிப்பேட்டை தொழிற்சாலை ஒன்றில் விர்ச்சுவல் சுவிட்ச் அமைத்தபோது நடந்தது

பின்னணி

வேலூர் சத்துவாச்சாரியில் நானும் என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவரும் ஒரு சின்னக் கடை வைத்து, சுற்றுவட்டாரத்துத் தொழிற்சாலைகளுக்கும் லேப்களுக்கும் சர்வர், நெட்வொர்க் வேலை செய்து தருகிறோம். இங்கே எழுதப்போவது ராணிப்பேட்டைப் பக்கம் இருக்கும் ஒரு ஷூ அப்பர் தொழிற்சாலையில் கடந்த கோடையில் நடந்தது. மேக் முகவரி என்பது ஒவ்வொரு நெட்வொர்க் கார்டையும் அடையாளம் காட்டும் எண், ஒரே நெட்வொர்க்கில் இரண்டு கார்டுக்கு ஒரே எண் இருக்கக்கூடாது. பெயர் எதுவும் போடவில்லை. முதலாளியிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன்.

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு என்று பழைய வட ஆற்காட்டில் தோலை நம்பிப் பிழைக்கும் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது, ஆனால் காலையில் தொழிற்சாலை பஸ்ஸில் வந்து இறங்கும் ஆட்கள் முன்பு வந்த அதே ஊர்களிலிருந்துதான் வருகிறார்கள். இந்தத் தொழிற்சாலையில் பாதிக்கு மேல் தையல் பிரிவுப் பெண்கள். வாசலில் விரல் வைத்தால்தான் வருகை. எட்டரைக்கு மேல் விரல் வைத்தால் தாமதம், தாமதம் சேர்ந்தால் சம்பளத்தில் கை வைப்பார்கள். ஒரு நெட்வொர்க் கோளாறு எங்கே போய் வலிக்கும் என்பது இதைத் தெரிந்துகொண்டால்தான் புரியும்.

அங்கே மூன்று பழைய டவர் கம்ப்யூட்டர்கள் சர்வராக ஓடிக்கொண்டிருந்தன. கணக்கும் ஏற்றுமதி இன்வாய்ஸும் ஒன்றில், வருகைப்பதிவு ஒன்றில், டிசைன் கோப்புகள் ஒன்றில். கத்திரி வெயிலில் மத்தியானமானால் ஏதாவது ஒன்று படுத்துவிடும். முதலாளி இரண்டு ரேக் சர்வர் வாங்கித் தருவதாகச் சொன்னார், எல்லாவற்றையும் விஎம் (விர்ச்சுவல் மெஷின், அதாவது ஒரு சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் தனிக் கம்ப்யூட்டர்) ஆக்கி அதில் ஏற்றுவதாக முடிவு. விண்டோஸ் சர்வர் 2022, அதில் விஎம்களை ஓட்டும் ஹைப்பர்-வி. ஒரு ஸ்டாண்டர்ட் லைசென்ஸில் இரண்டு விண்டோஸ் விஎம்தான் ஓட்டலாம், அதனால் முதல் சர்வருக்கு இரண்டு லைசென்ஸ் போட்டோம்.

முதல் சர்வரில் மூன்று விஎம்: டொமைன் (எல்லோருடைய லாகினையும் சரிபார்ப்பது), கணக்கு, கோப்பு. இரண்டாவதில் இரண்டு: கேமரா கண்காணிப்புக்கு ஒரு லினக்ஸ் விஎம், வருகைப்பதிவுக்கு ஒரு விண்டோஸ் விஎம். இவை எந்த வரிசையில் முதன்முதலாக எழுப்பப்பட்டன என்பது பின்னால் முக்கியமாக வரும், எழுதியிருக்கும் வரிசையில்தான் எழுப்பினோம்.

கடையில் செய்த வேலை

முதல் சர்வர் ஒரு வாரம் முன்னாடி வந்துவிட்டது. கடை மேசையில் வைத்து விண்டோஸ் போட்டு, எங்கள் செக்லிஸ்டில் இருந்தபடி 192.168.1.50 என்று தற்காலிக ஐபி கொடுத்து, ஹைப்பர்-வி ரோலையும் (விண்டோஸில் அந்த வசதியைச் சேர்க்கும் பாகம்) ஏற்றி, ராணிப்பேட்டைக்குக் கொண்டுபோய் ரேக்கில் மாட்டினோம். அடுத்த வாரம் இரண்டாவது வந்தது. அதே மேசை, அதே செக்லிஸ்ட், அதே 192.168.1.50. முதல் சர்வர் கடையில் இல்லாததால் மோதல் ஒன்றும் வரவில்லை. ரோலை ஏற்றினோம், கொண்டுபோனோம், அங்கே போன பிறகு முறையான ஐபி கொடுத்தோம்: முதல் சர்வருக்கு 192.168.20.17, இரண்டாவதற்கு 192.168.20.18.

அன்று இதில் தவறு இருப்பதாக எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

எந்தச் சுவிட்ச், எத்தனை கேபிள்

விர்ச்சுவல் சுவிட்ச், அதாவது விஎம்களை நெட்வொர்க்கோடு இணைக்கும் மென்பொருள் சுவிட்ச், ஹைப்பர்-வியில் மூன்று வகை உண்டு. எக்ஸ்டர்னல் என்பது சர்வரின் நிஜ நெட்வொர்க் போர்ட்டோடு ஒட்டிக்கொள்வது, விஎம்கள் வெளியே போய் வரலாம். இன்டர்னல் என்றால் விஎம்களும் ஹோஸ்டும் (விஎம்களைத் தாங்கும் சர்வர்) மட்டும் பேசிக்கொள்ளும். பிரைவேட் என்றால் ஹோஸ்டும் கிடையாது, விஎம்கள் தங்களுக்குள் மட்டும். தொழிற்சாலை ஆட்கள் உட்காரும் கம்ப்யூட்டரிலிருந்து விஎம்முக்கு வரவேண்டும் என்பதால் எக்ஸ்டர்னல்தான், அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

யோசிக்க வேண்டியது போர்ட்டைப் பிரிப்பதில் இருந்தது. சர்வர் ஒவ்வொன்றிலும் நான்கு ஒரு-கிகாபிட் போர்ட். இரண்டை டீமாகச் சேர்த்து விஎம்களுக்கு, ஒன்றை ஹோஸ்டை நிர்வகிக்க மட்டும், ஒன்றைச் சும்மா விடுவது என்று முடிவு செய்தோம். ஹோஸ்டின் நிர்வாக வழியை விஎம் போக்குவரத்தோடு கலக்காமல் வைத்தால், விர்ச்சுவல் சுவிட்சில் என்ன கெட்டாலும் ஹோஸ்டுக்குள் நுழைய ஒரு வழி இருக்கும். டீமுக்கு 2016 பதிப்பிலிருந்து வரும் சுவிட்ச் எம்பெடெட் டீமிங், சுருக்கமாக செட், எடுத்துக்கொண்டோம். பழைய டீமிங் முறையை ஹைப்பர்-வி சுவிட்சுக்கு அடியில் வைப்பதை மைக்ரோசாஃப்டே கைவிடச் சொல்லிவிட்டது. செட் டீமுக்கு ரேக்கில் இருக்கும் நிஜ சுவிட்சில் ஒன்றும் கட்டித்தர வேண்டாம், கட்டவும் கூடாது. கேபிள்களைச் சுவிட்ச் பக்கத்திலும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டும் எல்ஏசிபி முறை அதற்கு ஆகாது. இரண்டு கேபிளும் இரண்டு சாதாரண டிரங்க் போர்ட்டில் (பல நெட்வொர்க் பிரிவுகளை ஒன்றாகக் கடத்துவது) போய்ச் செருகினால் போதும். முதல் சர்வரின் கேபிள்கள் 5, 6 போர்ட்டுகளில், இரண்டாவதன் கேபிள்கள் 9, 10இல்.

சுமையைப் பங்கிடுவது ஹைப்பர்-வி போர்ட் முறையில். அதாவது ஒரு விஎம் ஒரு நேரத்தில் டீமின் ஒரே ஒரு கேபிள் வழியாகத்தான் போய்வரும், அந்தக் கேபிள் போனால் மற்றதுக்கு மாறும். இதையும் மனதில் வையுங்கள்.

விலான், அதாவது ஒரே சுவிட்சில் தனித்தனியாகப் பிரித்த நெட்வொர்க், நான்கு: அலுவலகக் கம்ப்யூட்டர்களுக்கு 10, சர்வர்களுக்கு 20, வருகைப்பதிவுக்கு 30, கேமராவுக்கு 40. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஃபயர்வால் வழியாகத்தான் போகவேண்டும்.

முதல் சறுக்கல்

முதல் சர்வரின் விர்ச்சுவல் சுவிட்சை நான் கடையிலிருந்தே ரிமோட்டில் உருவாக்கினேன். நிர்வாகத்துக்கான தனி கேபிள் அன்று இன்னும் செருகப்படவில்லை, டீமுக்கு ஒதுக்கிய போர்ட் வழியாகத்தான் உள்ளே போயிருந்தேன். ஹோஸ்டும் இந்தக் கார்டைப் பகிர்ந்துகொள்ளலாம் என்ற தேர்வை, திட்டப்படி, எடுத்துவிட்டேன். நெட்வொர்க் இணைப்பு துண்டிக்கப்படலாம் என்று எச்சரிக்கை வந்தது, வழக்கமாக ஒரு நொடி போய் வருமே, அதுதான் என்று எண்ணி ஒத்துக்கொண்டேன். திரை அப்படியே உறைந்து நின்றது.

நடந்தது இதுதான். எக்ஸ்டர்னல் சுவிட்ச் உருவானதும் அந்த நிஜ போர்ட் ஹோஸ்டின் கையிலிருந்து போய் சுவிட்சின் கைக்கு வந்துவிடும். பகிரும் தேர்வு இருந்தால் ஹோஸ்டுக்கு ஒரு விர்ச்சுவல் கார்டு உண்டாகி, பழைய ஐபி அதற்கு மாறும். தேர்வு இல்லையென்றால் ஹோஸ்டுக்கு அந்தப் பக்கம் கதவே கிடையாது. ஹோஸ்டுக்கு இருந்த ஒரே கதவை நானே சாத்திவிட்டேன்.

இரவு எட்டு மணிக்குத் தம்பி பைக் எடுத்துக்கொண்டு ராணிப்பேட்டை போய், நிர்வாக கேபிளைச் செருகி, மானிட்டர் வைத்து அதற்கு ஐபி கொடுத்துவிட்டு வந்தார். ஒன்றும் கெடவில்லை, விஎம் எதுவும் அதுவரை ஓடவில்லை. இரண்டாவது சர்வரில் இந்த வேலையை ரேக் முன்னால் நின்றுதான் செய்தோம்.

மூன்று வாரம் அமைதி, அப்புறம் ஒரு திங்கட்கிழமை

விஎம்கள் ஓடத் தொடங்கி மூன்று வாரம் குறை ஒன்றும் வரவில்லை. ஒரே ஒரு முணுமுணுப்பு. கணக்கு மென்பொருள் சம்பளத்துக்காக வருகைப்பதிவு விஎம்மிலிருந்து தரவை இழுக்கும், அது விலான் 20இலிருந்து 30க்கு ஃபயர்வால் வழியாகப் போகவேண்டும், ஃபயர்வாலோ பழசு, நேரம் பிடித்தது. இரண்டு விஎம்மும் ஒரே விலானில் இருந்தால் நேராகப் பேசிக்கொள்ளுமே என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகைப்பதிவு விஎம்மை 30இலிருந்து 20க்கு மாற்றினோம். ஐபி 192.168.20.41 ஆனது. வாசலில் இருக்கும் ஆறு விரல்ரேகை இயந்திரங்களிலும் புது சர்வர் முகவரியைப் போட்டோம். சோதித்தோம், சரியாக இருந்தது. ஞாயிறு என்பதால் சோதித்தது நாங்கள் இருவர் மட்டும்தான்.

திங்கள் காலை ஒன்பது மணிக்குள் மூன்று போன். கணக்கு மென்பொருள் நடு நடுவே அறுந்து போகிறது. இன்வாய்ஸ் அடிக்கும்போது சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு, சர்வர் கிடைக்கவில்லை என்கிறது, இரண்டு நிமிடத்தில் தானாகவே வருகிறது. வருகைப்பதிவிலும் சில இயந்திரங்களின் பதிவு வந்து சேரவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் காவலர் கேட்டார், "இன்னா சார், புது சர்வரும் இப்பிடித்தானா?" கோபம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். உள்ளே போகும் வழியில் தையல் பிரிவு அம்மா ஒருவர் நிறுத்தி, "நான் எட்டே காலுக்கே கை வச்சிட்டேன் சார், பதிஞ்சுதா பாத்து சொல்லுங்க" என்றார். அன்று அவருக்கு உறுதியாகப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. இந்த வகை இயந்திரங்கள் பதிவைத் தங்களிடமே வைத்திருந்து, சர்வர் கிடைத்ததும் திரும்ப அனுப்பும் என்று தெரியும், ஆனால் தெரியும் என்பது வேறு, அவருடைய பெயருக்கு எதிரே நேரம் பதிந்திருப்பதைக் காட்டுவது வேறு.

கண்டது என்ன

அலுவலகக் கம்ப்யூட்டரிலிருந்து கணக்கு விஎம்முக்கு, அதாவது 192.168.20.31க்கு, தொடர்ந்து பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போட்டுவிட்டு உட்கார்ந்தோம். சில சமயம் பத்து நிமிடம் ஒன்றும் தவறாது. திடீரென்று ஐந்து, பத்து பதில்கள் தொடர்ந்து வராது, அப்புறம் வரும். முதல் சர்வரின் மற்ற இரண்டு விஎம்களுக்கும் போட்டுப் பார்த்தோம், டொமைனும் கோப்பும் ஒரு பிங்கைக்கூட விடவில்லை. ஐபி மோதல் எச்சரிக்கை எந்த விஎம்மிலும் இல்லை.

அப்புறம் கோப்பு விஎம்முக்குள் போய் அங்கிருந்து கணக்கு விஎம்முக்குப் பிங் போட்டோம். இரண்டும் ஒரே சர்வருக்குள், ஒரே விர்ச்சுவல் சுவிட்சில் இருப்பவை. ஒரு மணி நேரம் ஓடவிட்டோம், ஒன்றுகூடத் தவறவில்லை. வெளியிலிருந்து அறுந்துகொண்டிருந்த அதே நிமிடங்களில் உள்ளே கல்லுபோல நின்றது.

இதிலிருந்து, விஎம் நன்றாக இருக்கிறது, விர்ச்சுவல் சுவிட்ச் நன்றாக இருக்கிறது, சர்வருக்கும் ரேக் சுவிட்சுக்கும் நடுவில்தான் கோளாறு என்று எடுத்துக்கொண்டேன். அந்த அளவுக்கு அது சரிதான். அங்கிருந்து நான் போன பாதைதான் தவறு.

இடையில் தம்பி ரேக் சுவிட்சின் பக்கத்தைத் திறந்து லாக் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "அண்ணா, ஒரே மேக் அஞ்சாவது போர்ட்லயும் ஒன்பதாவதுலயும் மாறி மாறி வருதுன்னு போட்டிருக்கு." சுவிட்சில் கடிகாரம் வைக்கவே இல்லை, லாக்கில் தேதி 1970 என்று இருந்தது, அதனால் அது இன்றைய பதிவா என்பதே தெரியவில்லை. நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், "டீமிங் இருந்தா அப்படித்தான் வரும்பா, விடு" என்றேன்.

டீமிங் என்றால் 5க்கும் 6க்கும் நடுவில்தான் மாறவேண்டும். 9 அடுத்த சர்வருடைய போர்ட். கேபிளில் லேபிள் ஒட்டியவனே நான்தான். அதுவும் ஹைப்பர்-வி போர்ட் முறையில், கேபிள் அறுந்தால் ஒழிய 5, 6 நடுவிலேகூட மாறாது. விடை கையில் கொடுக்கப்பட்டது, நான் வாங்கிக்கொள்ளவில்லை. ஏறக்குறைய ஒரு நாள் அங்கேதான் போனது.

எடுத்த முடிவுகளும் வீணான நேரமும்

திங்கள் மத்தியானம் டீமின் இரண்டு கேபிள்களையும் மாற்றினோம். பயனில்லை. டீமிலிருந்து ஒரு கேபிளை எடுத்துவிட்டு ஒற்றைக் கேபிளில் ஓடவிட்டோம். பயனில்லை. ஒரு-கிகாபிட் கார்டுகள் சிலவற்றில் விஎம்கியூ என்ற வசதி இயங்கினால் விஎம்களின் நெட்வொர்க் தள்ளாடும் என்பது இந்தத் தொழிலில் பழைய அனுபவம், அதையும் அணைத்துப் பார்த்தோம். ஒரு கிகாபிட்டில் அதனால் பெரிய லாபமும் கிடையாது, அணைத்ததில் தப்பில்லை, ஆனால் கோளாறும் போகவில்லை. மாலை ஆறு மணிக்கு ஃபயர்வாலைச் சந்தேகப்பட்டு ஞாயிற்றுக்கிழமை போட்ட விதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அதைச் சந்தேகப்பட்டதற்குக் காரணம், ஞாயிறு நாங்கள் தொட்டது அதைத்தான் என்ற நினைப்பு. விஎம்மை விலான் மாற்றியதும் ஞாயிறுதான் என்பது எங்கள் கண்ணுக்கு ஒரு மாற்றமாகவே படவில்லை.

அன்று ஒரு ஏற்றுமதி இன்வாய்ஸ் நான்கு மணி நேரம் தள்ளிப்போனது, லாரி வாசலில் நின்றது. முதலாளி சத்தம் போடவில்லை. "எவ்வளவு நேரம் ஆகும்னு மட்டும் உண்மையச் சொல்லிடுங்க தம்பி, நான் அதுக்கு ஏத்தாப்ல பாத்துக்கறேன்" என்றார். "தெரியல பாய், நாளைக்கு மத்தியானத்துக்குள்ள காரணத்தையாவது சொல்றேன்" என்றேன்.

செவ்வாய் காலை: திறந்து வைத்தவர் கணக்குப் பிரிவு அம்மா

செவ்வாய் காலை கணக்குப் பிரிவில் மூத்தவரான ஒரு அம்மா, தானாகவே ஒரு தாளில் எழுதி வைத்திருந்ததை நீட்டினார். முந்தைய நாள் எந்தெந்த நேரத்தில் அறுந்தது என்று வரிசையாக. எட்டு இருபதிலிருந்து எட்டு ஐம்பது வரை பல முறை. பிறகு பதினொன்று வரை அநேகமாக இல்லை. பன்னிரண்டரைக்குப் பல முறை, ஒன்றேகாலுக்கு மறுபடி. மாலை ஐந்தரைக்கு மறுபடி. "ஆளுங்க கை வைக்கிற நேரம்தான் சார் இது" என்றார்.

சாப்பாட்டுக்கு வெளியே போகும்போதும் திரும்பும்போதும், மாலை வீட்டுக்குப் போகும்போதும் விரல் வைக்க வேண்டும். ஆட்கள் விரல் வைத்தால் இயந்திரங்கள் வருகைப்பதிவு விஎம்மோடு பேசும். வருகைப்பதிவு விஎம் பேசினால் கணக்கு விஎம் அறுகிறது. இரண்டும் வேறு வேறு சர்வரில் இருப்பவை. அப்போதுதான் 5உம் 9உம் மண்டையில் உறைத்தது.

மடிக்கணினியில் விலான் 20க்கு ஒரு கேபிள் போட்டு, இரண்டு விஎம்முக்கும் பிங் அடித்துவிட்டு, எந்த ஐபிக்கு எந்த மேக் என்று காட்டும் ஏஆர்பி அட்டவணையைத் திறந்தேன். இப்படி இருந்தது:

192.168.20.31 — 00-15-5டி-01-32-01
192.168.20.41 — 00-15-5டி-01-32-01

இரண்டு ஐபிக்கும் எதிரே ஒரே மேக். தம்பி ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் நின்றார். முந்தைய நாள் அவர் சொன்னதற்கு அங்கேயே மன்னிப்புக் கேட்டேன்.

காரணம்

ஹைப்பர்-வி தானாகக் கொடுக்கும் மேக் முகவரிக்கு ஒரு கணக்கு இருக்கிறது. முதல் மூன்று பாகம் 00-15-5டி, அது மைக்ரோசாஃப்டுக்கு ஒதுக்கப்பட்டது. அடுத்த இரண்டு பாகம், ரோலை ஏற்றும் நேரத்தில் அந்த ஹோஸ்டுக்கு இருக்கும் ஐபியின் கடைசி இரண்டு எண்கள், பதினாறடிமான (ஹெக்ஸாடெசிமல்) முறையில். கடைசிப் பாகம் 00இலிருந்து எஃப்எஃப் வரை, ஆக ஒரு ஹோஸ்டுக்கு 256 முகவரி. எங்கள் மேசை ஐபி 192.168.1.50. 1 என்பது 01, 50 என்பது பதினாறடிமானத்தில் 32. ஆக இரண்டு சர்வருக்கும் 00-15-5டி-01-32 என்ற ஒரே தொகுப்பு. ரோல் ஏறிய பிறகு ஐபியை மாற்றினாலும் இந்தத் தொகுப்பு மாறாது, அது ஹோஸ்டின் அமைப்பில் எழுதி வைக்கப்பட்டுவிடும். இரண்டு ஹோஸ்டும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளவும் செய்யாது.

முதன்முதலாக எழுப்பிய விஎம்முக்கு 00, அடுத்ததற்கு 01. முதல் சர்வரில் டொமைன் 00, கணக்கு 01, கோப்பு 02. இரண்டாவதில் கேமரா 00, வருகைப்பதிவு 01. பவர்ஷெல்லில் இரண்டு ஹோஸ்டிலும் விஎம்களின் கார்டுகளைப் பட்டியலிட்டுப் பார்த்தபோது அப்படியே இருந்தது.

அப்படியானால் மூன்று வாரம் ஏன் ஒன்றும் ஆகவில்லை? ரேக் சுவிட்ச், எந்த மேக் எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்பதை விலான் வாரியாகத்தான் நினைவு வைக்கும். கணக்கு 20இல், வருகைப்பதிவு 30இல் இருந்தவரை இரண்டு 01களும் இரண்டு வேறு தெருவில் ஒரே கதவு எண் வைத்திருந்த மாதிரி. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டையும் ஒரே தெருவுக்குக் கொண்டுவந்தோம். அதன்பின் வருகைப்பதிவு ஒரு வார்த்தை பேசினால் சுவிட்ச் அந்த மேக் 9இல் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளும், கணக்குக்கு வரும் பாக்கெட் எல்லாம் இரண்டாவது சர்வருக்குப் போய் வீணாகும். கணக்கு விஎம் தானாக ஏதாவது பேசினால் மறுபடி 5. ஐபி வேறு வேறு என்பதால் விண்டோஸுக்கு மோதல் தெரிய வழியில்லை. கோப்பு விஎம்மிலிருந்து அறுபடாததற்கும் இதே காரணம்தான்: அந்தப் பாக்கெட் ரேக் சுவிட்சுக்கு வருவதே இல்லை, தன்னிடம் இருக்கும் விஎம்மின் மேக்கை விர்ச்சுவல் சுவிட்ச் நேரடியாக அறியும்.

கேமராவும் டொமைனும் இதே மாதிரி ஒரே 00இல்தான் இருந்தன. 40, 20 என்று வேறு விலானில் இருந்ததால் தப்பித்தன. கேமரா விஎம்மை என்றாவது நகர்த்தியிருந்தால், டொமைன் அறுந்து தொழிற்சாலை முழுக்க யாராலும் லாகின் செய்ய முடியாமல் போயிருக்கும்.

சரிசெய்தது

முதலில் நிரூபணம். வருகைப்பதிவு விஎம்மை அணைத்தோம், இயந்திரங்கள் பதிவை வைத்திருக்கும் என்ற துணிவில். பதினோரு மணி முதல் பன்னிரண்டே கால் வரை கணக்குக்கு ஒரு பிங்கும் தவறவில்லை. அது அமைதியான நேரம்தான் என்பதால், ஒருமுறை எழுப்பி, ஒரு இயந்திரத்தில் தம்பி இருபது முறை விரல் வைத்தார். உடனே கணக்கு அறுந்தது. அணைத்தோம், அறுபடுவது நின்றது.

அடுத்து, எந்த விஎம்மின் மேக்கை மாற்றுவது? இதில் அவசரப்படவில்லை. கணக்கு மென்பொருளின் லைசென்ஸ் மேக் முகவரியோடு கட்டப்பட்டிருந்தது, மாற்றினால் விற்றவர்களிடம் போய் நின்று புது சாவி வாங்க வேண்டும். வருகைப்பதிவில் அந்தக் கட்டு இல்லை. ஆகவே அதை மாற்றினோம். விஎம் அணைந்திருக்கும்போதுதான் மாற்ற முடியும், அணைந்துதான் இருந்தது. கையால் நிலையான முகவரி கொடுத்தோம்: 02-00-00-20-00-41. முதல் பாகம் 02 என்றால், இது எந்த நிறுவனத்துக்கும் ஒதுக்கியதல்ல, உள்ளூரில் நாமே வைத்தது என்று பொருள். நடுவில் 20 விலான், கடைசியில் 41 ஐபியின் கடைசி எண். பார்த்த மாத்திரத்தில் யாருடையது என்று தெரியவேண்டும் என்பதற்காக அப்படி. பன்னிரண்டரைக்கு முன்பே எழுப்பிவிட்டோம். சாப்பாட்டு நேரக் கூட்டம் விரல் வைத்தது, கணக்கு அசையவில்லை.

மீதியை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினோம். அன்று இரண்டு ஹோஸ்டிலும் விர்ச்சுவல் சுவிட்ச் மேனேஜரில் மேக் முகவரி வரம்பைத் திருத்தினோம்: முதலாவதற்கு 14-11, இரண்டாவதற்கு 14-12, அவற்றின் நிஜ ஐபிக்குப் பொருந்துகிற மாதிரி. வரம்பைத் திருத்தினால் ஏற்கெனவே முகவரி வாங்கிய விஎம்கள் மாறாது, புதிதாக வருபவைதான் மாறும். அதனால் முதல் சர்வரின் மூன்று விஎம்களுக்கும் இப்போது இருக்கும் முகவரியையே நிலையானதாக ஆக்கினோம். டைனமிக்காக, அதாவது ஹைப்பர்-வியே கொடுக்கும்படி, விட்டால், நாளைக்கு வேறு ஹோஸ்டில் எழுப்பும்போது முகவரி மாறி, கணக்கு லைசென்ஸ் போய்விடக்கூடும்.

கேமரா விஎம்முக்கு 02-00-00-40-00-51 கொடுத்து எழுப்பினால் நெட்வொர்க்கே இல்லை. அந்த லினக்ஸின் நெட்பிளான் என்ற நெட்வொர்க் அமைப்புக் கோப்பில் பழைய மேக்கைச் சொல்லி, அந்தக் கார்டு இருந்தால்தான் ஐபி கொடு என்று எழுதியிருந்தது. கன்சோலில் போய் அந்த வரியைத் திருத்தினோம், பத்து நிமிட வேலை. ஆனால் இதை வேலை நாளில் செய்திருந்தால் பத்து நிமிடம் கேமரா இல்லாமல் போயிருக்கும்.

பின்பு நடந்தது

அந்தச் செவ்வாய்க்குப் பிறகு அறுபடவில்லை. சுவிட்ச் லாக்கில் மேக் மாறியதாக ஒரு வரிகூட இல்லை. இரண்டு நாள் பதிவுகளை ஆறு இயந்திரங்களிலிருந்தும் மறுபடி இழுத்து, வருகைப்பதிவோடு ஒப்பிட்டோம். ஆட்கள் துறை மேலாளர் எங்களோடு உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகப் பார்த்தார். அந்தத் தையல் பிரிவு அம்மாவின் பெயருக்கு எதிரே 8:14 என்று இருந்தது. மேலாளரே போய் அவரிடம் சொல்லிவிட்டு வந்தார். அந்த இரண்டு நாளுக்கு யாருக்கும் தாமதம் போடுவதில்லை என்றும் முடிவெடுத்தார்கள், அதை நாங்கள் கேட்காமலே செய்தார்கள்.

இரண்டு நாள் வேலைக்கு நாங்கள் பணம் வாங்கவில்லை. கோளாறு எங்கள் மேசையில் பிறந்தது.

இனி செய்வதில் மாற்றியது

கடை மேசையில் இனி எந்தச் சர்வருக்கும் ஹைப்பர்-வி ரோல் ஏற்றுவதில்லை. விண்டோஸ் போட்டு, அப்டேட் முடித்து, இடத்துக்குக் கொண்டுபோய், அதற்கென்று நிலையான ஐபி கொடுத்த பிறகுதான் ரோல். செக்லிஸ்டில் ரோலுக்கு அடுத்த வரியாக, மேக் வரம்பைப் பார்த்து எழுது என்று சேர்த்திருக்கிறோம். வட்டை நகலெடுத்துச் சர்வர் உருவாக்குபவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும், ரோல் ஏறிய வட்டை நகலெடுத்தால் வரம்பும் சேர்ந்து நகலாகும், அதற்கு ஐபி ஒன்றாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

விர்ச்சுவல் சுவிட்சைத் தொடும் வேலை ரேக் முன்னால் நின்றுதான், அல்லது நிர்வாக கேபிள் தனியாகச் செருகி அது வழியாக உள்ளே போய்த்தான். விஎம்மை விலான் மாற்றுவதும் ஒரு கேபிளைப் பிடுங்கி வேறு இடத்தில் செருகுவதும் ஒன்று என்று வைத்து, அதையும் மாற்றப் பதிவேட்டில் எழுதுகிறோம். ரேக் சுவிட்சுகளுக்கெல்லாம் நேரம் வைத்துவிட்டோம். நேரம் சரியாக இருந்திருந்தால், லாக்கில் திங்கள் 8:22 என்று இருந்திருக்கும், நான் அவ்வளவு சுலபமாக அதைத் தள்ளியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

கோளாறு பார்க்கும்போது தம்பி சொல்வதை இப்போது முதலில் தாளில் எழுதுகிறேன், எழுதிய பிறகுதான் அது என்ன என்று பேசுகிறோம். அந்தக் கணக்குப் பிரிவு அம்மாவின் தாளைப் பார்த்து எடுத்துக்கொண்ட பழக்கம்.

ரேக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். இடப்பக்கம் போர்ட் எண்ணும் கேபிளும், வலப்பக்கம் ஒவ்வொரு விஎம்மின் பெயர், விலான், ஐபி, மேக். அடியில் மூன்று வரி: 14-11 முதல் சர்வர், 14-12 இரண்டாவது, 14-13 காலி. முதலாளி அடுத்த வருடம் மூன்றாவது சர்வர் வாங்குவதாகச் சொல்லியிருக்கிறார், அந்த 14-13 அதற்கு.